பஞ்ச நிதியும் காலத்தாழ்வும்: ஆக்ஸ்போர்டுக் குழுவின் தொடக்க வரலாறு

ஓர் ஊரில் சிலர் கூடி நடத்தும் சிறு தொண்டு அமைப்பு, கடல் கடந்த நாடொன்றில் பசியால் மடிவோருக்காக நிதி திரட்ட முற்படும்போது, உள்ளூர் அறப்பணியில் எழாத கேள்விகள் பல அதன் முன் எழுகின்றன. கொடுப்பவர் பெறுபவரைக் காண்பதில்லை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பதை நேரில் அறியும் வழியும் அவருக்கு இல்லை. இடையில் போர்களும் எல்லைகளும் அரசாணைகளும் வங்கி விதிகளும் நிற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பஞ்சத்தைப் பற்றிய செய்தி தொலைதூர மக்களின் நெஞ்சைத் தொடும் அளவுக்கு முற்றுவதற்குள், உயிர்களைக் காத்திருக்கக்கூடிய காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. பஞ்ச நிதிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் எவ்வளவு பணம் திரண்டது என்பதையே பெருமையாகச் சொல்கின்றன. ஆனால் அது எப்போது திரண்டது, எந்த வழியாகச் சென்றது, செய்தி ஓய்ந்த அடுத்த ஆண்டிலும் திரண்டதா என்ற கேள்விகளே பசித்தவரின் பக்கம் நின்று பார்க்கும்போது முதன்மை பெறுகின்றன. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் 1942இல் தொடங்கப்பட்டு, பின்னர் ஆக்ஸ்ஃபாம் என்ற பெயரில் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்த பஞ்ச நிவாரணக் குழுவின் தொடக்க ஆண்டுகள், இக்கேள்விகளை ஆராய்வதற்குத் தெளிவான சான்றாக அமைகின்றன.

ஆக்ஸ்போர்டுக் குழுவுக்கு முன்னரே பிரிட்டனில் அயல்நாட்டுப் பஞ்சத்துக்கென நிதி திரட்டும் மரபு இருந்தது. அதில் தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய அத்தியாயமும் ஒன்று உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் நிற்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது, 1877 ஆகஸ்டில் சென்னையில் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் தலைமையில் பொதுக்கூட்டம் கூடி, பிரிட்டனின் நகரத் தலைவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. லண்டன் நகரத் தலைவரின் இல்லமான மான்ஷன் ஹவுஸின் பெயரால் அங்கே நிதி தொடங்கப்பட்டு, சில மாதங்களுக்குள் பல லட்சம் பவுன் திரண்டது. சென்னையில் அதைப் பகிர்ந்தளித்த நிர்வாகக் குழுவின் கௌரவச் செயலாளராக, இதழாசிரியர் வில்லியம் டிக்பி பணியாற்றினார். பொது வசூலை வைசிராய் லிட்டனின் அரசு தொடக்கத்தில் விரும்பவில்லை. பின்னர் இசைந்தபோதும், அரசின் நிவாரணப் பணிகளோடு குறுக்கிடாத இடங்களில் மட்டுமே நிதி செலவிடப்பட வேண்டும் என்று வரம்பு கட்டியது. எனவே அப்பணம் ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்புக்கும், நிவாரண வேலைக்கு வெளியே வர இயலாத குடும்பங்களுக்கும், மழை பெய்த பிறகு உழவர்கள் விதையும் மாடும் வாங்கி மீண்டும் பயிரிடுவதற்கும் சென்றது. விதைக்கும் மாட்டுக்கும் பணம் கொடுத்தது அறிவார்ந்த முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பருவமழை பொய்த்தது 1876இல். வசூல் தொடங்கியதோ ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின். மழை வந்ததும் நிதி மூடப்பட்டது. அடுத்த பஞ்சத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும் அமைப்பு எதையும் லண்டன் வசூல் விட்டுச்செல்லவில்லை.

இந்தக் குறையைப் பின்னர் நிரப்பிய நிலையான அமைப்புகளுள் ஒன்று முதல் உலகப் போரின் முடிவில் தோன்றியது. 1918 நவம்பரில் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகும் ஜெர்மனியின் மீதும் ஆஸ்திரியாவின் மீதும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தது. எதிரிநாட்டுத் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் சரக்கோ உணவோ கொண்டுசெல்லாதபடி கடற்படையால் தடுப்பதே கடல் முற்றுகை. அதன் விளைவாக வியன்னாவின் குழந்தைகள் எலும்பும் தோலுமாயினர். 1919 ஏப்ரலில் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, பட்டினியால் வாடிய குழந்தையின் படம் தாங்கிய துண்டறிக்கைகளை லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கைக்கு உட்படுத்தாமல் வெளியிட்ட குற்றத்துக்காக அவருக்கு 5 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய வழக்கறிஞரே அந்த 5 பவுனை அவரிடம் அளித்தார் என்பதும், அதுவே சேவ் தி சில்ரன் நிதிக்கு வந்த முதல் நன்கொடையாகக் கொள்ளப்பட்டது என்பதும் அவ்வமைப்பின் வரலாற்றில் பதிவாகியுள்ளன. 1919 மே 19 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிதி முறையாகத் தொடங்கப்பட்டது.

ஜெப் தம் சகோதரி டோரதி பக்ஸ்டனோடு சேர்ந்து உருவாக்கிய இந்நிதி, இரக்கத்தைத் திட்டமிட்டுத் திரட்ட வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டிருந்தது. தொழில்முறை விளம்பர வல்லுநரின் துணையோடு நாளிதழ்களில் பெரிய விளம்பரங்கள் வெளியிடப்பட்டன. 1921இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் பெரும்பஞ்சம் மூண்டபோது, அங்கே எடுக்கப்பட்ட திரைப்படம் பிரிட்டனின் அரங்குகளில் காட்டப்பட்டது. ஏழைகளுக்கென வந்த பணத்தை விளம்பரத்துக்குச் செலவிடலாமா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் பன்மடங்காகத் திரும்பி வருமானால் அச்செலவைத் தவிர்ப்பதுதான் பசித்தவருக்குச் செய்யும் தீங்கு என்பது ஜெப்பின் தரப்பு வாதம். சராத்தோவ் பகுதியில் அந்நிதி உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்கு நாள்தோறும் உணவளித்தது என்ற உண்மையை வைத்துப் பார்க்கையில், அவ்வாதத்தை மறுப்பது எளிதன்று.

இரண்டாம் உலகப் போரில் இதே முற்றுகைச் சிக்கல் மேலும் கொடிய வடிவில் கிரேக்க நாட்டில் தோன்றியது. 1941 ஏப்ரல், மே மாதங்களில் ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளின் படைகள் கிரேக்கத்தைக் கைப்பற்றிப் பகிர்ந்துகொண்டன. தானியம் மிகுதியாக விளையும் கிழக்கு மாசிடோனியாவும் திரேஸும் பல்கேரியாவின் பங்காகி, ஏதென்ஸுக்கு அங்கிருந்து தானியம் வருவது நின்றது. போருக்கு முன்னரே கிரேக்கம் தன் உணவுத் தானியத் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்துவந்த நாடு. அவ்விறக்குமதியைப் பிரிட்டனின் கடல் முற்றுகை அறுத்தது. ஆக்கிரமிப்புப் படைகள் விளைபொருள்களையும் படகுகளையும் வண்டிகளையும் பறித்துக்கொண்டன. நாணயத்தின் மதிப்பு சரிந்து, கூலியை நம்பிய நகரத்து மக்களால் ரொட்டி வாங்க இயலாத நிலை உண்டானது. 1941–42ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஏதென்ஸின் தெருக்களிலேயே மக்கள் விழுந்து இறந்தனர். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதிலும் பசியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இங்கே பணத்தின் பற்றாக்குறை முதல் தடையாக இருக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். உணவு உள்ளே செல்ல அனுமதி இல்லை என்பதே முதல் தடை. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் மக்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஆக்கிரமித்தவனுடையது, வெளியிலிருந்து உணவு அனுப்பினால் அது எதிரியின் சுமையைக் குறைத்துப் போரை நீட்டிக்கும் என்ற நிலைப்பாட்டைப் பிரதமர் சர்ச்சில் 1940 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். அந்த நிலைப்பாட்டில் போர் உத்தி சார்ந்த தருக்கம் இருந்தது. ஆனால் அத்தருக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் ஏதென்ஸின் குழந்தைகள். நடுநிலை நாடான துருக்கியிலிருந்து குர்துலுஷ் என்ற கப்பல் 1941 அக்டோபர் முதல் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு உணவு கொண்டுசென்றது. 1942 ஜனவரியில் அது கடலில் மூழ்கியது. அதன் சுமை கிரேக்கத்தின் தேவையில் சிறு துளியே ஆயினும், முற்றுகைக்குள் ஒரு வாசலைத் திறக்க முடியும் என்பதை அது காட்டியது. பொதுமக்களின் அழுத்தத்தால் பிரிட்டன் தன் கொள்கையைத் தளர்த்தியது. 1942ஆம் ஆண்டின் கோடை இறுதியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில், ஸ்வீடன் நாட்டுக் கப்பல்கள் மாதந்தோறும் 15,000 டன் கனடா நாட்டுக் கோதுமையைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இந்த அழுத்தத்தை ஒருங்கிணைத்தவர்களுள் 1942 மே மாதம் லண்டனில் அமைந்த பஞ்ச நிவாரணக் குழு குறிப்பிடத்தக்கது. சிசெஸ்டர் மறைமாவட்ட ஆயர் ஜார்ஜ் பெல் அதன் தலைவர். போர்க்களங்களின் அருகே பேறுகால மருத்துவமனை நடத்தி அனுபவம் பெற்ற செவிலியர் ஈடித் பை அதன் செயலாளர். ஈடித் பை, போரை எந்த வடிவிலும் ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். கோதுமை செல்லத் தொடங்கியதோடு வேலை முடிந்தது என்று இக்குழு கருதவில்லை. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் கோதுமை மட்டும் போதாது, உலர்பாலும் வைட்டமின்களும் மருந்தும் வேண்டும், பெல்ஜியம் போன்ற பிற நாடுகளுக்கும் இதே வாசல் திறக்கப்பட வேண்டும் என்று அது வாதாடியது. அதன் தூண்டுதலால் பிரிட்டனின் பல நகரங்களில் உள்ளூர்க் குழுக்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றாக, 1942 அக்டோபர் 5 அன்று ஆக்ஸ்போர்டின் புனித மரியாள் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் பழைய நூலக அறையில் சிலர் கூடித் தொடங்கியதே ஆக்ஸ்போர்டு பஞ்ச நிவாரணக் குழு.

அக்குழுவில் இருந்தவர்கள் யார் என்பது தற்செயலான செய்தியன்று. நிதி திரட்டலின் முதல் மூலதனம் நம்பிக்கை என்பதால், அது ஆய்வுக்குரிய செய்தி. தலைமை வகித்த ரிச்சர்ட் மில்ஃபர்ட் அத்தேவாலயத்தின் குரு. இந்தியாவில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியவர். கில்பர்ட் மரே கிரேக்க நாடகங்களை ஆங்கிலத்தில் தந்த பேரறிஞர். கிரேக்கத்துக்காக அவர் கேட்கும்போது அதில் உள்நோக்கம் கற்பிக்க எவராலும் இயலாது. ஹென்றி கில்லெட் ஊரறிந்த மருத்துவர், குவேக்கர், நகரத் தலைவராக இருந்தவர். பின்னர் இணைந்த ஆலன் பிம், இந்திய ஆட்சிப் பணியில் நீண்டகாலம் இருந்து அரசுக் கணக்குகளில் தேர்ச்சி பெற்றவர். விரைவில் கௌரவச் செயலாளராகப் பொறுப்பேற்ற செசில் ஜாக்சன்–கோல் ஒரு வணிகர். சமயம், கல்வி, மருத்துவம், நிர்வாகம், வணிகம் ஆகிய துறைகளில் ஊர்மக்கள் மதித்தவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தபோது, குழுவின் பெயர் புதியதாயினும் அதன் நாணயம் பழையதாக இருந்தது. இன்று சிறு அமைப்புகள் பல, அறங்காவலர் பட்டியலை உறவினர்களாலும் நண்பர்களாலும் நிரப்பிவிட்டு நன்கொடையாளரின் தயக்கத்தைக் கண்டு வியக்கின்றன. இவ்வகையில் ஆக்ஸ்போர்டுக் குழுவின் அமைப்பு அவை பயில வேண்டிய பாடம்.

போர்க்காலத்தில் அறப்பணிக்கென வசூலிக்கும் அமைப்புகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்ததால், 1943 மார்ச் 20 அன்று குழு பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நகரம் முழுவதும் நடத்தப்பட்ட கிரேக்க வாரம் என்ற வசூல் இயக்கத்தில் 12,700 பவுன் திரண்டு, கிரேக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. உணவுப் பங்கீட்டின் கீழ் வாழ்ந்த, போரில் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த ஒரு நடுத்தர நகரத்துக்கு இது பெரிய தொகை. இதிலும் கவனிக்க வேண்டியது வழங்கிய முறை. குழு தானாகக் கப்பல் அமர்த்தவோ ஏதென்ஸில் கிளை திறக்கவோ முயலவில்லை. அங்கே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த, மக்களின் மொழியும் தெருவும் அறிந்த அமைப்பிடம் பணத்தை ஒப்படைத்தது. சிறு அமைப்பு தன் வலிமையின் எல்லையை அறிந்து நடப்பது நிவாரணத்தை விரைவுபடுத்துகிறது.

அதே அக்டோபரில், பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட வங்காளத்தில் பஞ்சம் உச்சத்தில் இருந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பெருந்திரளானோர் கிராமங்களை விட்டுக் கல்கத்தாவின் நடைபாதைகளுக்கு வந்து மடிந்துகொண்டிருந்தனர். குவேக்கர்களின் மருத்துவ உதவிப் பிரிவு அங்கே பணியாற்றியது உண்மை. ஆனால் பிரிட்டனின் உள்ளூர்க் குழுக்கள் ஐரோப்பாவின் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்கெனவே தோன்றியவை, அவற்றின் வசூல் அங்கேயே சென்றது. கிரேக்கர்களுக்குக் கொடுத்தவர்கள் குற்றவாளிகள் அல்லர். எனினும், எந்தப் பசி ஒரு நாட்டின் மனச்சான்றை எட்டுகிறது, எது எட்டுவதில்லை என்பதைப் பசியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பழக்கப்பட்ட பெயர்களும் பாடப் புத்தகங்களும் செய்தித் தணிக்கையும் அதைத் தீர்மானிக்கின்றன. குறிப்பிட்ட நாட்டின் பெயரைச் சொல்லித் திரட்டும் நிதி இந்தச் சாய்விலிருந்து ஒருபோதும் முழுமையாக விடுபடுவதில்லை.

போர் முடிந்தபின் உள்ளூர்க் குழுக்களில் பெரும்பாலானவை கலைந்தன. அவை தோன்றிய காரணம் தீர்ந்துவிட்டது என்று அவற்றின் உறுப்பினர்கள் கருதினர். ஆக்ஸ்போர்டிலும் இக்கேள்வி எழுந்தது. தொடர்ந்து நடத்த வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களுள் ஜாக்சன்–கோல் முதன்மையானவர். ஜெர்மனியின் அகதிகள், அடுத்து பாலஸ்தீன அகதிகள், அடுத்து இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஓரிடத்தில் துன்புறப் போகிறவர்கள் என்று அவர் பார்வை விரிந்தது. 1949இல் குழுவின் நோக்கம், போராலோ பிற காரணங்களாலோ உலகின் எப்பகுதியில் துன்பம் நேர்ந்தாலும் அதைத் தணிப்பது என்று விரிவாக்கப்பட்டது. இந்த வரலாற்றின் மிக முக்கியமான முடிவு இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு பஞ்சத்துக்காகத் தோன்றிய குழு, பஞ்சம் இல்லாத நாள்களிலும் வாழும் உரிமையைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டது; அதனால்தான் அடுத்த பஞ்சம் வந்தபோது அது வெறுங்கையோடு நிற்கவில்லை.

பஞ்சம் இல்லாத நாள்களில் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடையாக அமைந்தது 17, பிராட் தெருவில் 1948இல் நிலைபெற்ற கடை. ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கென மக்களிடமிருந்து உடைகளையும் போர்வைகளையும் குழு திரட்டிவந்தது. அவற்றோடு, அனுப்பிப் பயனில்லாத நகைகளும் அலங்காரப் பொருள்களும் புத்தகங்களும் வந்து குவிந்தன. அவற்றை ஆக்ஸ்போர்டிலேயே விற்றுப் பணமாக்கி, அப்பணத்தை அனுப்புவதே அறிவுடைமை என்று குழு கண்டது. 1949இல் சேர்ந்து கடையைப் பொறுப்பேற்ற ஜோ மிட்டி, குழுவின் முதல் ஊதியப் பணியாளர்களில் ஒருவர். கொடுக்கப்பட்ட எதையும் விற்றுப் பணமாக்கிவிடுவார் என்று பெயர் பெற்றவர். கடையின் பொருளியல் எளிமையானது. பொருள் இலவசம், உழைப்பில் பெரும்பகுதி தன்னார்வலர்களுடையது, வாடகையும் சில சிறு செலவுகளும் போக மீதி எல்லாம் நிவாரணத்துக்கு. பணம் கொடுக்க இயலாதவர் பழம்பொருளைக் கொடுக்கலாம். பழம்பொருளும் இல்லாதவர் தம் உழைப்பைக் கொடுக்கலாம். ஏழை மாணவர் குறைந்த விலையில் மேலங்கி வாங்குவதன் மூலமே பங்களிக்கலாம். பிரிட்டனின் நகரங்களில் இன்று காணப்படும் அறக்கட்டளைக் கடைகளின் வளர்ச்சியில் இக்கடைக்குத் தனியிடம் உண்டு.

கடையின் இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. கடையில் விற்று வரும் பணம் எந்தப் பஞ்சத்தின் பெயரையும் தாங்கி வருவதில்லை. அறநிறுவனக் கணக்கியலில் நோக்கம் குறித்த நன்கொடை என்றும் பொதுநிதி என்றும் இரு வகைகள் உண்டு. நோக்கம் குறித்த நன்கொடை என்பது கொடுப்பவர் இன்ன நாட்டுக்கு, இன்ன பணிக்கு என்று சொல்லிக் கொடுப்பது. அதை வேறெதற்கும் செலவிடச் சட்டம் இடம் தராது. பொதுநிதியோ தேவை எழும் இடத்தில் அறங்காவலர்கள் தம் தீர்ப்பின்படி செலவிடத்தக்கது. தொலைக்காட்சியில் ஒரு பஞ்சத்தைக் கண்டு மக்கள் அள்ளிக் கொடுக்கும்போது வருவது பெரும்பாலும் முதல் வகை. ஒரு பஞ்சம் தொடங்குவதற்கு முன் அதைத் தடுக்கச் செலவிடத்தக்கது பெரும்பாலும் இரண்டாம் வகையே. தமிழ் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பொதுப்பணிக்குச் சேர்த்த பிடியரிசி வழக்கத்தைப் போல, யாருக்கு என்று முன்கூட்டி முடிவாகாத, அளவில் சிறிய, தவறாமல் வரும் வரவுதான் அமைப்பைத் தாங்குகிறது. 1960களில் ஆக்ஸ்ஃபாம் இதையே முறைப்படுத்தி, தன்னார்வலர்கள் தம் அண்டை வீட்டார் சிலரிடம் மாதந்தோறும் சிறுதொகை வாங்கும் திட்டத்தை நடத்தியது.

விளம்பரத்தில் குழு கையாண்ட முறையும் இதே சிக்கன அறிவிலிருந்து பிறந்தது. விளம்பரத் துறையில் பணியாற்றிய குவேக்கரான ஹரால்ட் சம்ப்ஷன், நாளிதழ்களில் விலை குறைந்த சிறிய இடங்களை வாங்கி, பகட்டில்லாத எளிய விளம்பரங்களை வெளியிடச் செய்தார். எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் வந்தது என்று கண்டறியும் ஏற்பாட்டோடு அவை அமைந்ததால், பயன் தராதவற்றைக் கைவிட்டுப் பயன் தந்தவற்றைத் தொடர முடிந்தது. பகட்டான விளம்பரத்தைக் காணும் வாசகர், தம் பணம் காகிதத்துக்கும் மைக்கும் போகிறது என்று எண்ணுவார். எளிய விளம்பரமோ அமைப்பின் சிக்கனத்தைத் தானே பறைசாற்றுகிறது. நிர்வாகச் செலவைப் பற்றி நன்கொடையாளர்கள் எழுப்பும் கேள்விக்கு நேர்மையான விடை, செலவே இல்லை என்று சொல்வதன்று. கணக்காளர் இல்லாமல் கணக்கு இராது, தணிக்கை இல்லாமல் நம்பிக்கை இராது. ஒவ்வொரு செலவும் எதைக் கொண்டுவந்தது என்று காட்டுவதே அவ்விடை.

1951இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது ஆக்ஸ்போர்டுக் குழு உதவி அனுப்பியது. ஐரோப்பாவின் போர் அழிவுகளிலிருந்து ஆசியாவின் வறுமையை நோக்கி அதன் கவனம் திரும்பியதன் முதல் அடையாளமாக இவ்வுதவி கருதப்படுகிறது. வங்காளத்துக்கு எட்டாத கை எட்டு ஆண்டுகளுக்குப் பின் பீகாருக்கு எட்டியது. அதே ஆண்டு பொதுச் செயலாளராக வந்த லெஸ்லி கர்க்லியின் தலைமையில் குழு பெருவளர்ச்சி கண்டது. தந்தி முகவரியாகப் பயன்பட்ட ஆக்ஸ்ஃபாம் என்ற சுருக்கமே 1965இல் அதன் முறையான பெயராயிற்று. வளர்ச்சியின் பிற்கால விவரங்கள் வேறொரு ஆய்வுக்குரியவை; சிறு அமைப்பாக இருந்தபோது அது எடுத்த முடிவுகளே இங்கே பொருட்டு.

பஞ்சத்தின் படங்களைப் பற்றி ஒரு கேள்வி ஜெப்பின் துண்டறிக்கையிலிருந்தே தொடர்ந்து வருகிறது. வயிறு உப்பிய குழந்தையின் படம் பணத்தைக் கொண்டுவருகிறது. ஆனால் அக்குழந்தைக்குப் பெயரில்லை, தாய் தந்தையர் இல்லை, தன் நிலத்தில் உழைத்த வரலாறு இல்லை என்ற எண்ணத்தையும் அது பரப்புகிறது. 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தை முகமது அமீனின் படக்கருவியும் மைக்கேல் பர்க்கின் குரலும் பிபிசி வழியாக உலகுக்குக் காட்டியபோது, அதுவரை இராத அளவில் பணம் திரண்டது. 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி அதன் உச்சம். அப்பணம் உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வறட்சியை மட்டும் காட்டிய படங்கள், அப்பஞ்சத்தைக் கொடியதாக்கிய உள்நாட்டுப் போரையும் அரசின் கொள்கைகளையும் காட்டவில்லை. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வகுத்த நடத்தை விதிகளின் பத்தாவது விதி, பேரிடரில் சிக்கியவர்களை நம்பிக்கையற்ற காட்சிப் பொருள்களாகச் சித்திரிக்காமல் மாண்புடைய மனிதர்களாக மதிக்க வேண்டும் என்று கூறுகிறது. இவ்விதியைப் பின்பற்றினால் வசூல் குறையலாம் என்ற அச்சம் சிறு அமைப்புகளிடம் உண்டு. அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். ஒருவரின் பசியைத் தீர்க்க அவருடைய மானத்தை விற்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

காலத்தாழ்வின் விலையை அண்மைக் காலத்தில் மிகத் துல்லியமாகக் காட்டியது சோமாலியா. 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்தே பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்புகள் அங்கே மழை பொய்க்கும் என்றும் உணவு விலை ஏறும் என்றும் அறிவித்துக்கொண்டிருந்தன. ஐக்கிய நாடுகள் சபை பஞ்சம் என்று முறையாக அறிவித்ததோ 2011 ஜூலை 20 அன்று. பஞ்சம் என்ற அறிவிப்புக்கு வரையறை உண்டு: ஒரு பகுதியின் குடும்பங்களில் ஐந்தில் ஒரு பங்கேனும் கடும் உணவின்மையில் இருக்க வேண்டும், குழந்தைகளில் 30 விழுக்காட்டினருக்கு மேல் தீவிர ஊட்டக்குறைவு காணப்பட வேண்டும், நாளொன்றுக்கு 10,000 பேருக்கு இருவர் என்ற அளவில் இறப்பு நேர வேண்டும். அதாவது, இறப்பு நிகழ்ந்து எண்ணப்பட்ட பிறகே அறிவிப்பு வர இயலும். சோமாலியாவில் 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டனர் என்று பின்னர் நடந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஏறத்தாழ பாதிப்பேர், பஞ்சம் என்ற சொல் முறைப்படி உச்சரிக்கப்படும் முன்பே இறந்துவிட்டனர். உலகின் பெரும் வசூல்கள் தொடங்கியது அச்சொல்லுக்குப் பிறகு.

1942இன் முற்றுகைக்கு ஒப்பான தடையும் அங்கே இருந்தது. தெற்கு சோமாலியாவின் பெரும்பகுதி அல்–ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்தது. அக்குழு பல நிவாரண நிறுவனங்களைத் தன் பகுதியிலிருந்து விரட்டியது. மறுபுறம் அமெரிக்காவின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டங்கள், அக்குழுவின் கைக்கு ஏதேனும் போய்விட்டால் உதவியவர்கள் தண்டிக்கப்படுவர் என்ற அச்சத்தை உண்டாக்கின. பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறதோ என்ற ஐயத்தால் வங்கிகள் சிறு அமைப்புகளின் கணக்குகளையும் பணப் பரிமாற்றங்களையும் ஏற்கத் தயங்கும் நிலை இன்றும் தொடர்கிறது. இந்தியாவிலும், 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், அறக்கட்டளையின் வருமானம் நாட்டுக்கு வெளியே செலவிடப்பட்டால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் இல்லாமல் வரிவிலக்கு இல்லை என்று வகுத்தது. எனவே வெளிநாட்டுப் பஞ்சத்துக்கென உண்டியலை நீட்டும் முன், அப்பணம் சட்டப்படி செல்லும் வழியையும் அங்கே அதைப் பெற்றுச் செலவிடும் உள்ளூர் அமைப்பையும் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துகொள்வது அறங்காவலர்களின் கடமை. வழி தெரியாமல் திரட்டிய பணம் வங்கியில் கிடக்கும்போது, கொடுத்தவரும் பெற வேண்டியவரும் ஒருசேர ஏமாற்றப்படுகின்றனர்.

2017இல் சோமாலியாவில் மீண்டும் மழை பொய்த்தபோது, 2011இன் படிப்பினையால் கொடையாளர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் அளித்தனர். நிவாரணத்தின் கணிசமான பகுதி மூட்டைகளாகச் செல்லாமல், கைப்பேசி வழியாகவும் பற்றுச்சீட்டுகளாகவும் குடும்பங்களின் கையில் பணமாகச் சேர்ந்தது; சந்தையில் உணவு இருந்தும் வாங்கும் சக்தி இல்லாமையே பல பஞ்சங்களின் அடிப்படை என்று 1981இல் வெளியான நூலில் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் நிறுவிய கருத்துக்கு இது இசைந்த முறை. அவ்வாண்டு பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத பஞ்சத்துக்குப் படம் இல்லை, பாடல் இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. ஆகவே அதைத் தடுத்த பணத்துக்கு நன்றி சொல்லும் விழாவும் இல்லை. இத்தகைய பணத்தைக் கொடுக்க முன்வருவோர் குறைவாக இருப்பதன் காரணமும் அதுவே.

தொலைதூரப் பஞ்சத்துக்கு உதவ விரும்பும் வாசகர், ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடும் சிறு அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் களப் பங்காளிகள் யார் என்று கேட்டறிந்து, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாமல், தம்மால் இயன்ற சிறு தொகையை மாதந்தோறும் கொடுத்துவர வேண்டும். பஞ்சச் செய்தி எதுவும் வராத மாதங்களிலும் அதை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.